லான்மாஸ்டரில் மோதிய கார்: கம்பனி சொல்லும் தொகைக்குக் கையெழுத்து வைப்பதா, பேரம் பேசுவதா?

கனகராயன் கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு வரும் வழியில், புளியங்குளம் தாண்டி ஏ9 வீதியில் விபத்து. மைம்மல் பொழுது. கிரவல் ஒழுங்கைக்குள் இருந்து பெட்டி பூட்டிய லான்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஒன்று வீதிக்கு ஏறியது. பெட்டியில் லைட்டும் இல்லை, ரிப்ளெக்டரும் இல்லை. பிரேக் பிடித்தும் காரின் முன் இடது மூலை பெட்டியில் மோதிவிட்டது. எங்கள் பக்கம் காயமில்லை. லான்மாஸ்டர் ஓட்டி வந்த ஐயாவுக்குக் காலில் அடி. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஏற்றி அனுப்பினோம். பொலிஸ் வந்து அளந்து எழுதியது. கம்பனிக்கு அங்கிருந்தே போன் பண்ணினேன். சேதத்தை மதிப்பிடும் அசெசர் வரும்வரை காரை நகர்த்தவில்லை.

கார் வகன் ஆர். புல் இன்சூரன்ஸ், என் காரின் சேதத்துக்கும் சேர்த்து. காப்புறுதித் தொகை 48 இலட்சம். கராஜ் கொடுத்த எஸ்டிமேட் 780,000 ரூபா. கம்பனி தரச் சம்மதித்திருப்பது 397,500 ரூபா. படிவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால் ஒரு கிழமையில் காசு வங்கிக்கு வருமாம். கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "அது சிஸ்டம் போடுகிற கணக்கு" என்கிறார் கிளையில் இருப்பவர்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த ஐயாவின் மகன்மார் வீட்டுக்கு வந்து, "ஆளுக்காள் ஒரு கோரிக்கையும் இல்லை" என்று சமாதானக் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். நல்ல சனம். மறுக்க மனம் வரவில்லை. எழுதிக் கொடுக்கலாமா?

நெறியாளர்

கம்பனியின் பெயரையும் வாகன இலக்கத்தையும் எடுத்துவிட்டேன். இனி எழுதுகிறவர்களும் உங்கள் அனுபவத்தில் வரும் கம்பனியின் பெயரைத் தவிர்த்து எழுதுங்கள். கணக்குத்தான் முக்கியம், ஆள் இல்லை.

நெடுங்கேணியான்

தம்பி, வாங்கிக்கொண்டு அலுவலைப் பாரும். இவர்களோடு இழுபட்டால் கார் மாதக்கணக்கில் கராஜில் நிற்கும். வாடகை வாகனத்துக்குக் கொடுக்கிற காசு, வவுனியாவுக்கு ஓடுகிற பெற்றோல், லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன மிஞ்சும்? உங்கள் சொந்த பொலிசியில் கார் நின்ற நாட்களுக்கு ஒன்றும் தரமாட்டார்கள், அதையும் நினைவில் வையும்.

ஓமந்தைச் சந்தி

நெடுங்கேணி அண்ணை சொல்வது சின்னக் கிளெய்முக்குச் சரி. இது பாதிக்குப் பாதி வெட்டின கிளெய்ம். நான் முன்பு ஒரு கம்பனியில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன், அதனால் உள்ளே எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று சொல்கிறேன்.

கம்பனி தருகிற அந்த ஒற்றைத் தொகைக்குள் நாலு வெட்டு இருக்கும். முதலில் கராஜ் எஸ்டிமேட்டைக் கம்பனி இன்ஜினியர் குறைப்பார். பிறகு புதிய பாட்சுக்கு, அதாவது உதிரிப்பாகங்களுக்கு, தேய்மானம். அதற்குப் பிறகு குறைக் காப்புறுதி வெட்டு: சந்தைப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால் அந்த விகிதத்தில் வெட்டுவது, கம்பனிக்காரர் அவரேஜ் என்பது இதைத்தான். கடைசியாக எக்சஸ், அதாவது கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. இந்த நாலில் எது எவ்வளவு என்று தெரியாமல் நீங்கள் பேரம் பேசவே முடியாது. "கொஞ்சம் கூட்டித் தாங்கோ" என்று கேட்டால் ஐயாயிரம் பத்தாயிரம் கூட்டிக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே முதல் வேலை, எழுத்தில் கேட்பது. தமிழிலேயே எழுதலாம். இவ்வளவு போதும்:

"எனது கிளெய்ம் தொடர்பாக நீங்கள் அறிவித்த 397,500 ரூபா எப்படிக் கணிக்கப்பட்டது என்பதற்கான விபரத்தைத் தரவும். அங்கீகரித்த ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் பெயரும் விலையும், அது புதியதா பாவித்ததா என்பதும், கூலி, பெயின்ற், தேய்மான வீதம், சந்தைப் பெறுமதியாக நீங்கள் எடுத்த தொகை, அது எந்த ஆதாரத்தில் எடுக்கப்பட்டது, எக்சஸ் ஆகியவை தனித்தனியாக வேண்டும். ஒவ்வொரு கழிவுக்கும் பொலிசியின் எந்த நிபந்தனை பொருந்துகிறது என்றும் குறிப்பிடவும். இவை கிடைத்தபின்னரே தீர்வுப் படிவத்தில் கையெழுத்திடுவது பற்றி முடிவு செய்வேன்."

பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். போனில் கதைத்தது ஒன்றும் பிறகு நிற்காது.

பொலிசிப் புத்தகமும் கையில் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் பெரும்பாலும் அந்த ஒற்றைச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும், நிபந்தனைகள் உள்ள புத்தகத்தை ஏஜென்ட் கொடுத்திருக்க மாட்டார். கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்துப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் படிவத்தில் "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்கிறேன்" என்று இருக்கும். அது போனபின் மேலதிகமாக ஒன்றும் கேட்பது கடினம். காரைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டதா? இல்லையென்றால் கையெழுத்தை நினைக்கவே வேண்டாம்.

பரந்தன் டிங்கர்

கழற்றாமல் எழுதுகிற எஸ்டிமேட் அரை எஸ்டிமேட்தான். பம்பரும் பொனட்டும் ஹெட்லைட்டும் வெளியே தெரியும். உள்ளே றேடியேற்றரைத் தாங்குகிற சட்டம் வளைந்திருக்கும், ஏசி கண்டென்சர் கசியும், சென்சர் வயர் அறுந்திருக்கும். கழற்றியவுடன் கம்பனிக்கு அறிவித்து மேலதிக எஸ்டிமேட் போட வேண்டும், அசெசர் திரும்ப வந்து பார்க்கும்வரை அந்தப் பாட்சைத் தூக்கி எறியக் கூடாது. எறிந்தால் "எங்கே, காட்டு" என்பார்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பனி எப்படியும் வெட்டும் என்று தெரிந்து சில கராஜ்காரர் கூட்டி எழுதுவார்கள். கூட்டி எழுதுகிறார்கள் என்று தெரிந்து கம்பனி வெட்டும். நடுவில் நசிபடுவது வாகனக்காரன். உங்கள் கராஜ்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "கம்பனி ஏற்ற தொகைக்குள் எதைச் செய்வாய், எதைச் செய்யமாட்டாய்?" என்று. அவர் "அந்தக் காசுக்கே முடித்துத் தருகிறேன்" என்றால், 780,000 என்று நின்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. இல்லை என்றால் எது விடுபடும் என்று எழுதி வாங்குங்கள், அது உங்களுக்குக் கம்பனியிடம் காட்ட ஆதாரம்.

கூலியிலும் ஒரு விஷயம். கொழும்பில் இருந்து பாட்ஸ் கொண்டுவர பஸ் பார்சல் கூலி, ஆள் கூலி போகும். எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாகப் போடாவிட்டால் யாரும் தரமாட்டார்கள். இழுவைக் கூலிக்கும் பொலிசியில் ஒரு எல்லை இருக்கும், பாருங்கள். புளியங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்கு இழுத்தது அந்த எல்லைக்குள் அடங்குமா தெரியாமல் கராஜ்காரனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ரொறன்ரோ வன்னியான்

இங்கே ஒன்ராறியோவில் என்றால் பிழை யாருடையது என்று நாங்கள் எதிராளியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, எங்கள் கார் சேதத்தை எங்கள் கம்பனியே தரும், காயத்துக்கும் முதலில் எங்கள் கம்பனிதான். அங்கேயும் அப்படிக் கேளுங்களேன்.

ஓமந்தைச் சந்தி

அண்ணை, கார் சேதத்துக்கு அவருடைய கம்பனிதானே தருகிறது, புல் இன்சூரன்ஸ் என்றால் இங்கேயும் அப்படித்தான். வித்தியாசம் காயத்தில். இங்கே காயப்பட்டவர் எதிர்வாகனத்தின் பிழையைக் காட்டித்தான் நட்டஈடு எடுக்க வேண்டும். 1951 இன் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்பின், அதாவது எங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவரின், மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியை மட்டும். மற்றவருடைய பொருளுக்கு வரும் சேதம் அந்தக் கட்டாயத்துக்குள் இல்லை. கம்பனிகள் பொலிசியில் சேர்த்துத் தருவதுதான், அதற்கும் ஒரு உச்சத் தொகை அச்சடித்திருக்கும். "தேர்ட் பார்ட்டி போட்டிருக்கிறேன், எல்லாம் இருக்கு" என்று இருப்பவர்கள் ஒருதடவை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், ஆவணி மாதத் திருவிழாவுக்கு வந்து சொந்தக்காரரின் காரை எடுத்து ஓடுகிறீர்கள்தானே? வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் சட்டைப்பையில் இருந்தால் போதாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதி எடுக்காமல் ஓடி அடித்தால் கிளெய்மை மறுக்க அது ஒன்றே போதும்.

அக்கராயன் கமம்

எல்லோரும் காரைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். லான்மாஸ்டர்காரன் என்ன செய்வான்? வயலில் இருந்து இருட்டுப்பட வருகிறவன். ரிப்ளெக்டர் ஒட்டாதது பிழைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பனி அந்த ஐயாவுக்கு வழக்குப் போட்டால் வயலை ஈடுவைக்க வேண்டி வரும். சமாதானக் கடிதத்தைக் கொடுத்து விடுங்கள் தம்பி. இரண்டு பக்கமும் நிம்மதி.

நீதிமன்ற வளவு

அக்கராயன் ஐயா சொல்வது மனச்சாட்சிப்படி சரி. ஆனால் இந்தக் கடிதத்தில் உள்ள பொறியைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் கம்பனி உங்களுக்குக் காசு தந்தபின், பிழைவிட்ட எதிராளியிடம் அதை மீளப் பெறும் உரிமை கம்பனிக்குப் போகிறது. "எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை" என்று நீங்கள் கம்பனியைக் கேட்காமல் எழுதிக் கொடுத்தால், கம்பனியின் அந்த உரிமையை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். அதைக் காட்டி உங்கள் கிளெய்மையே நிறுத்தப் பார்ப்பார்கள். பெரும்பாலான பொலிசிகளில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: கம்பனியின் சம்மதம் இல்லாமல் பிழையை ஒப்புக்கொள்ளவோ, காசு தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது.

எங்கள் பக்கத்தில் விபத்து நடந்து அரை மணித்தியாலத்துக்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்று "பொலிசுக்குப் போகாமல் முடிப்பம்" என்பார். பம்பர் கீறின விஷயம் என்றால் முடிக்கலாம். ஆள் காயப்பட்டிருந்தால் பொலிஸ் பதிவில்லாமல் முடிக்கவே கூடாது, இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்கிறேன். இன்றைக்கு நடந்து போகிற ஆளுக்கு நாளைக்கு எக்ஸ்ரேயில் முறிவு தெரியலாம்.

ஆகவே தம்பி, அந்த மகன்மாரிடம் நேராகச் சொல்லுங்கள்: "கம்பனியைக் கேட்காமல் எழுதினால் என்னுடைய கிளெய்ம் போய்விடும், கம்பனியை எழுத்தில் கேட்கிறேன்." கேளுங்கள். அந்த லான்மாஸ்டருக்குக் காப்புறுதி இருந்ததா என்று பொலிஸ் பதிவில் இருக்கும். இருந்தால் கம்பனிக்கும் கம்பனிக்கும் இடையில் அது முடியும், ஐயாவின் வயலுக்கு யாரும் வரமாட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதும் கொடுக்க விரும்பினால், கொடுக்கும் முன் கம்பனிக்கு அறிவியுங்கள். "மனிதாபிமான உதவி, பிழையை ஏற்றுக் கொடுப்பதல்ல" என்று ஒரு வரி எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

பொலிஸ் உங்கள் மீதும் கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் போடலாம். சின்னத் தண்டம்தானே, ஒரே தவணையில் முடியட்டும் என்று நீதவான் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பிறகு நட்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அந்த ஒப்புதலைத்தான். ஒரு சட்டத்தரணியோடு கதைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வாக்குமூலமும் அப்படித்தான். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் அவசரத்தில் ஒப்பமிட்டுவிட்டு, பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று நிற்கிற ஆட்களை நான் வாரத்துக்கு ஒருவராவது காண்கிறேன்.

முள்ளியவளை அக்கா

காயப்பட்ட பக்கத்தில் நின்று நான் சொல்கிறேன். என்னுடைய அவருக்குத் தண்ணீரூற்றில் வான் அடித்துக் கால் முறிந்தது. மேசன் வேலை. மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வான்காரர் கட்டிலடிக்கே வந்து 50,000 ரூபாவை நீட்டி, ஒரு தாளில் ஒப்பம் கேட்டார். தாளை வாசித்துப் பார்த்தேன், "இனி எந்த நட்டஈடும் கோரமாட்டேன்" என்று இருந்தது. காசையும் வாங்கவில்லை, தாளையும் வாங்கவில்லை.

பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டோம். அவர்கள் முதலில் பார்த்தது கடதாசிகளைத்தான். பொலிஸ் அறிக்கையின் சான்றுப் பிரதி, சட்ட மருத்துவப் படிவம், டயக்னோசிஸ் காட், மருந்துத் துண்டுகள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாகனக் கூலித் துண்டுகள். மேசன் ஆளுக்குச் சம்பளத் துண்டு எங்கே இருக்கிறது? வேலை கொடுத்த பாஸிடம் ஒரு கடிதம், விதானையாரிடம் ஒரு கடிதம், வங்கிப் புத்தகம். இதை வைத்துத்தான் எத்தனை மாத உழைப்புப் போனது என்று காட்டினோம்.

வான்காரரின் கம்பனி முதலில் சொன்ன தொகை மருந்துச் செலவுக்கே கிட்ட வரவில்லை. எங்கள் சட்டத்தரணி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தொகையில் அவர் உழைக்காமல் இருந்த மாதங்கள் எங்கே? இனிச் சாரம் ஏற முடியாது என்று டாக்டர் எழுதியது எங்கே?" இரண்டாம் தடவை வந்த தொகை வேறு மாதிரி இருந்தது. எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, கோபிக்க வேண்டாம்.

நீதிமன்ற வளவு

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், காயப்பட்டவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. இப்படியான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், காலவிதிப்புச் சட்டம் அப்படி. கம்பனி "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று கடிதம் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் சட்டத்தரணியின் கையில் திகதி இருக்கட்டும். வழக்குப் போடும்போது வாகனக்காரரின் காப்புறுதிக் கம்பனிக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்புக் கிடைத்தும் கம்பனி தப்பப் பார்க்கும்.

அடித்த வாகனம் நிற்காமல் ஓடிவிட்டால், தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கொக்காவில் டவர்

இடையில் ஒரு கேள்வி. இரவு கொக்காவில் பக்கத்தில் வீதியில் படுத்திருந்த மாட்டில் என் பட்டா லொறி ஏறிவிட்டது. தேர்ட் பார்ட்டி மட்டும்தான். ஏதும் எடுக்கலாமா?

பரந்தன் டிங்கர்

தேர்ட் பார்ட்டியில் உங்கள் வாகனத்துக்கு ஒரு சதமும் இல்லை. மாட்டுக்காரனிடம் கேட்கலாம் என்றால், வாகனம் உடைந்தால் மாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை, மாடு செத்தால் மட்டும் நாலு பேர் வருவார்கள்.

ஓமந்தைச் சந்தி

அப்படி யாராவது வந்து மாட்டுக்குக் காசு கேட்டால் பையில் இருந்து கொடுக்க முன் கம்பனிக்கு அறிவியுங்கள். அது மூன்றாம் தரப்புப் பொருட்சேதம்.

பட்டா என்றபடியால் இதையும் கேட்கிறேன்: பொலிசியில் எந்தப் பாவனைக்கு என்று போட்டிருக்கிறது? இங்கே சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வான்களில் எயார்போட் ஹயர் ஓடுகிறார்கள். விபத்து நடந்ததும் அசெசர் வானுக்குள் இருப்பவர்களிடம் "எவ்வளவு பேசி வந்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்பார். அவர்களும் சொல்லிவிடுவார்கள். அதோடு கிளெய்ம் முடிந்தது.

கனகராயன் கரை

எல்லோருக்கும் நன்றி. கடிதம் போட்டேன். முதலில் கிளையில் முகம் சுழித்தார்கள், பிறகு தலைமை அலுவலகத்தில் இருந்து விபரம் வந்தது. அப்படியே தருகிறேன்.

அங்கீகரித்த பாட்ஸ் 520,000. கூலியும் பெயின்றும் 160,000. மொத்தம் 680,000. பாட்சுக்கு 25 வீதத் தேய்மானம், 130,000 கழிவு, மிச்சம் 550,000. சந்தைப் பெறுமதி 64 இலட்சம், காப்புறுதித் தொகை 48 இலட்சம், ஆகவே 75 வீதம்: 412,500. எக்சஸ் 15,000. கடைசியில் 397,500.

பாட்ஸ் பட்டியலில் பொனட், ஹெட்லைட், ஒரு மட்காட் மூன்றுக்கும் பக்கத்தில் றீகொண்டிசன் என்று இருக்கிறது. மூன்றும் சேர்த்து 180,000.

ஓமந்தைச் சந்தி

பிடித்தீர்கள். அந்த மூன்று பாட்சும் பாவித்த பாட்சின் விலையில்தான் ஏற்றிருக்கிறார்கள். தேய்மானம் வெட்டுவது ஏன்? பழைய பாட்டுக்குப் பதிலாகப் புதியது போட்டால் உங்கள் கார் முன்பைவிடப் பெறுமதி கூடிவிடும் என்பதற்காக. பாவித்த பாட் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. ஒரே சாமானுக்கு இரண்டு தரம் வெட்டியிருக்கிறார்கள். 180,000 இல் 25 வீதம் 45,000. அந்தக் கழிவை எடுக்க வேண்டும், 75 வீதக் கணக்குக்குப் பின் கைக்கு வருவது 33,750. தேய்மானத்தைக் கூலிக்கும் பெயின்றுக்கும் வெட்டவில்லை, அது நல்லது.

அடுத்தது 64 இலட்சம். பெரிய வெட்டு இதில்தான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும். பொலிசி புதுப்பிக்கும்போது ஏஜென்ட்மார் பழைய தொகையையே திருப்பி எழுதிவிடுவார்கள், பிரிமியம் குறைவாக இருந்தால் வாடிக்கையாளரும் சந்தோஷம். கிளெய்ம் வரும்போதுதான் இது வெளியே வரும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபடியால் விலையும் அசைந்துகொண்டிருக்கிறது. ஆகவே "எந்தத் திகதிக்கு 64 இலட்சம்?" என்று கேளுங்கள். விபத்து நடந்த நாளின் பெறுமதிதான் கணக்கு. இணையத்தில் வரும் விளம்பரத்தை வைத்து எடுத்திருந்தால், அது விற்பவர் கேட்கும் விலை, கைமாறிய விலை அல்ல. உங்கள் காரின் ஆண்டு, தரம், ஓடிய கிலோமீற்றர் எல்லாம் ஒத்த கார்களைத்தான் ஒப்பிட வேண்டும். தனியாக ஒரு மதிப்பீட்டாளரிடம் பெறுமதிச் சான்று எடுத்து இணையுங்கள். சில பொலிசிகளில் வித்தியாசம் குறிப்பிட்ட ஒரு வீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டே இல்லை என்று இருக்கும். புத்தகத்தில் தேடுங்கள்.

நெடுங்கேணியான்

சரி, நான் பின்வாங்குகிறேன், 33,750 சும்மா விடுகிற காசில்லை. ஆனால் நான் சொன்னதன் மறுபக்கத்தையும் சின்னக் கிளெய்ம்காரர் பாருங்கள். உதாரணத்துக்கு முழுப் பிரிமியம் 100,000, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாத வருடங்களுக்குப் பிரிமியத்தில் தரும் கழிவு) 50 வீதம், கட்டுவது 50,000 என்று வைப்போம். 35,000 ரூபா பம்பருக்குக் கிளெய்ம் பண்ணி அந்தப் போனஸ் போனால், அடுத்த வருடம் 50,000 கூடக் கட்ட வேண்டும். போனஸ் திரும்ப ஏற வருடங்கள் எடுக்கும். அப்படியானதைக் கைக்காசில் திருத்துவது லாபம்.

மல்லாவிப் பெடியன்

லீசிங் கார் என்றால்?

ஓமந்தைச் சந்தி

திருத்தக்கூடிய சேதம் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை, லீசிங் கம்பனியின் சம்மதக் கடிதம் கேட்கலாம். திருத்த முடியாத டோட்டல் லொஸ் என்றால் காசு முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும், கடன் கழிந்த மிச்சம்தான் உங்களுக்கு. குறைத்துக் காப்புறுதி செய்திருந்தால் கார் போனபின்னும் கடன் நிற்கும். உடைந்த காரின் பெறுமதியை எவ்வளவு என்று கழிக்கிறார்கள் என்பதிலும் பேரம் இருக்கிறது. அதிகமாகப் போட்டால் "அந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், முழுத்தொகையைத் தாருங்கள்" என்று சொல்லலாம்.

கனகராயன் கரை

முடிந்தது. எழுதிவிடுகிறேன், யாருக்கும் உதவும்.

கராஜில் கழற்றியபோது பரந்தன் அண்ணை சொன்ன மாதிரியே றேடியேற்றர்ச் சட்டமும் கண்டென்சரும் போயிருந்தன. அசெசர் திரும்ப வந்து பார்த்து 60,000 ரூபாவுக்கு மேலதிகமாகப் புதிய பாட்ஸ் ஏற்றார். றீகொண்டிசன் பாட்சின் தேய்மானத்தை முதலில் "நடைமுறை" என்றார்கள். எந்த நிபந்தனை என்று எழுதித் தரும்படி கேட்டேன், கழிவை எடுத்துவிட்டார்கள். சந்தைப் பெறுமதிக்கு மதிப்பீட்டாளரின் சான்று 59 இலட்சம் என்று வந்தது. அவர்கள் 64 இல் இருந்து இறங்கி 60 இல் நின்றார்கள், நானும் அதோடு விட்டேன். கராஜ் எஸ்டிமேட்டில் வெட்டின 100,000 க்கு நான் சண்டை பிடிக்கவில்லை. கம்பனி ஏற்ற விலைக்கே வேலை முடியும் என்று கராஜ்காரரே ஒப்புக்கொண்டார்.

கணக்கு: மொத்தம் 740,000. தேய்மானம் புதிய பாட்சுக்கு மட்டும், 100,000. மிச்சம் 640,000. அதில் 80 வீதம் 512,000. எக்சஸ் போக 497,000. முதலில் சொன்னதைவிட 99,500 கூட.

ஐயாவின் லான்மாஸ்டருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்திருக்கிறது, காலாவதியாகவில்லை. கம்பனி அந்தக் கம்பனியோடு கதைக்கிறது. சமாதானக் கடிதம் பற்றிக் கம்பனியைக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வற்றாப்பளை வெளி

தம்பி, கம்பனி இறங்கி வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் கிளெய்ம் அப்படித்தான் நிற்கிறது.

ஓமந்தைச் சந்தி

முதலில் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் போட்டு, இறுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் வெளியே போனால் "முதலில் கம்பனியிடம் கேள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகு காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், பொலிசிதாரரிடம் கட்டணம் எடுப்பதில்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு அனுப்பலாம், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைக் கண்காணிப்பது அதுதான். இரண்டும் கொழும்பில் இருந்தாலும் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் அலைய வேண்டியதில்லை. தொகை பற்றிய பிணக்கை நடுத்தீர்ப்புக்கு விட வேண்டும் என்று பொலிசியில் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வழக்குக்கு முன் அதைத் தாண்ட வேண்டும்.

உங்கள் வெட்டு எந்த இடத்தில்? தேய்மானமா, சந்தைப் பெறுமதியா?

வற்றாப்பளை வெளி

தெரியாது அண்ணை, ஒற்றைத் தொகைதான் தந்தார்கள்.

ஓமந்தைச் சந்தி

மேலே உள்ள கடிதத்தை எடுத்துத் தொகையை மட்டும் மாற்றி இன்றைக்கே அனுப்புங்கள். விபரம் வந்ததும் இங்கே போடுங்கள், கம்பனியின் பெயரையும் வாகன இலக்கத்தையும் மறைத்துவிட்டு.